ஆற்றில் சால்மன் கூடுகிறதா, குறைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது அட்லாண்டிக் சால்மன் பற்றி மட்டும். அதிலும் பண்ணையில் வளர்வதை விட்டுவிட்டு, ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் காட்டு சால்மன். "குறைந்துகொண்டே போகிறது" என்று செய்தியில் படிக்கிறோம். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தப் பக்கம்.

கடையில் சால்மன் குவிந்து கிடக்கிறதே, அப்புறம் என்ன குறைவு?

ஓஸ்லோவிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதுதான். கடையில் நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட முழுக்கப் பண்ணை மீன். நார்வே மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கிறது. அந்த எண்ணுக்கும் ஆற்றில் இருக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. 2023 டிசம்பரில், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று பட்டியலிடும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் தன் சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் சால்மனை 'கவலைக்கிடமில்லை' நிலையிலிருந்து 'அச்சுறுத்தலை நெருங்கும்' நிலைக்கு மாற்றியது. 2006க்கும் 2020க்கும் இடையே உலக அளவில் 23 சதவீதம் குறைந்ததாக அதன் மதிப்பீடு.

ஒரு ஆற்றில் உள்ள மீனை எண்ணுவதில் அப்படி என்ன கஷ்டம்?

எந்த வயது மீனை எண்ணுவது என்பதிலேயே கஷ்டம் தொடங்குகிறது. இலையுதிர் காலத்தின் கடைசியில் தாய்மீன் சரளைக் கற்களில் குழி பறித்து முட்டையிடும். குஞ்சு வசந்தத்தில் வெளியே வரும். உடலில் விரல் பதிந்தது போன்ற கறைகளோடு ஒன்று முதல் சில ஆண்டுகள் வரை ஆற்றிலேயே வளரும் பருவத்துக்குப் 'பார்' என்று பெயர். பிறகு வெள்ளி நிறமாகி, ஏப்ரல், மே மாதங்களில் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும்போது 'ஸ்மோல்ட்'. கடலில் ஒரு குளிர்காலம் கழித்துத் திரும்புவது 'கிரில்ஸ்'. இரண்டு, மூன்று குளிர்காலம் கழித்து வருவது பெரிய மீன். முட்டையிட்ட பிறகும் சாகாமல் கடலுக்கு இறங்குவது 'கெல்ட்'.

ஆக, ஒரே நாளில் ஒரே ஆற்றில் நான்கைந்து ஆண்டுகளில் பிறந்த மீன்கள் இருக்கும். அதே ஆற்றின் மீன்களில் இன்னொரு பங்கு கிரீன்லாந்துக்கு மேற்கே மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் போய் எண்ணிவிட்டு வரக்கூடிய கணக்கு இல்லை இது.

ஆற்றுக்குத் திரும்பும் மீன்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் எண்ணும் இடம் எங்காவது உண்டா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள பர்ரிஷூல் அவற்றில் பெயர் பெற்றது. மேலே ஃபீயா என்ற நன்னீர் ஏரி, கீழே ஃபர்னஸ் என்ற உவர்நீர் ஏரி, நடுவில் இரண்டே இரண்டு வாய்க்கால்கள். இரண்டிலும் பொறி வைத்துவிட்டால் மேலே ஏறும் மீனும் கீழே இறங்கும் மீனும் கையில் அகப்பட்டுத்தான் போக வேண்டும். 1970 முதல் அங்கே இப்படி எண்ணுகிறார்கள். வட அயர்லாந்தின் புஷ் ஆற்றில் 1970களிலிருந்து இதே வேலை நடக்கிறது. ஸ்காட்லாந்தில் டீ ஆற்றின் கிளையான கிர்னக் ஓடையில் 1966 முதல். கிர்னக்கில் 1960களில் நூற்றுக்கணக்கில் ஏறிய மீன் இப்போது பத்துக் கணக்குக்கு வந்துவிட்டது.

இவை எல்லாம் சின்ன ஆறுகள்தானே, இவற்றை வைத்து ஒரு நாட்டின் நிலையைச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் நூறு ஆறுகளை ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றி மாற்றி அளப்பதைவிட, ஒரு சிறிய ஆற்றை ஐம்பது ஆண்டுகள் ஒரே மாதிரி அளப்பது போக்கைத் தெரிந்துகொள்ள அதிகம் உதவும் என்பது என் கட்சி. இன்று எத்தனை மீன் என்பதில் பத்து சதவீதம் பிசகினாலும், அந்தப் பிசகு எல்லா ஆண்டும் ஒரே அளவாக இருந்தால் போக்கு கெடாது. பிசகு ஆண்டுக்கு ஆண்டு மாறினால்தான் ஆபத்து. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

பொறி வைக்க முடியாத பெரிய ஆறுகளில்?

கவுன்டர் வைக்கிறார்கள், அதாவது கடந்துபோகும் மீனைத் தானாக எண்ணும் கருவி. இதில் மூன்று வகை அதிகம் புழங்குகிறது.

முதலாவது, மின்தடை கவுன்டர். தடுப்பணையின் சரிவில் குறுக்காக மின்முனைப் பட்டைகளைப் பதித்திருப்பார்கள். மீனின் உடல் தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். அதனால் மீன் பட்டைகளைத் தாண்டும்போது மின்தடை சட்டென்று மாறும். எந்தப் பட்டைக்கு மேல் முதலில் மாறியது என்பதிலிருந்து மீன் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். மாற்றம் எவ்வளவு பெரிது என்பதிலிருந்து மீனின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். இரண்டாவது, ஐஸ்லாந்தின் வாகி நிறுவனத்தின் 'ரிவர்வாட்சர்'. இரண்டு தட்டுகளுக்கு இடையே அகச்சிவப்புக் கதிர்கள் ஓடும். நடுவில் போகும் மீன் அவற்றை மறைப்பதை வைத்து அதன் நிழலுருவத்தை வரைந்துவிடும். மூன்றாவது, ஒலியலைகளால் படம் எடுக்கும் சோனார். நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் 'தானா' என்ற ஆறு போன்ற அகன்ற ஆற்றில் தடுப்பணை கட்டி மீனை ஒரு வாசலுக்குள் வரவைக்க முடியாது. அங்கே சோனார்தான். கலங்கிய நீரிலும் இரவிலும் அது பார்க்கும். நீளம் தெரியும், என்ன மீன் என்பது மட்டும் சரியாகத் தெரியாது.

கருவி எண்ணினால் பிழை வராதே?

வரும், நிறையவே. சால்மன் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. ஏறும், தயங்கும், இறங்கும், மறுபடி ஏறும். அதனால் ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழித்து நிகர எண்ணிக்கை எடுக்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தின் கடைசியில் முட்டையிட்டு முடித்த கெல்ட்டுகள் கடலை நோக்கி இறங்கும்போதும் அதே கழித்தலைச் செய்தால், இந்த ஆண்டு புதிதாக ஏறியவை காணாமல் போய்விடும். கடல் டிரவுட் என்ற உறவுக்கார மீனும் அதே பாதையில்தான் வரும். பெரிய டிரவுட்டும் சின்ன கிரில்ஸும் நீளத்தில் ஒன்று. வெள்ளம் வந்தால் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு மீன் போய்விடும். ஏறுவதற்கு மீன் விரும்புவதும் தண்ணீர் கூடும் அந்த நேரத்தைத்தான். காணொளியோடு ஒத்துப் பார்க்காவிட்டால் மிதந்து வரும் மரக்கிளைகூட மீனாகிவிடும்.

எனவே கவுன்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுக்கமாட்டார்கள். நூறு மீன் போனால் கருவி எத்தனையைப் பார்க்கிறது என்று காணொளியை வைத்துக் கணக்கிட்டு, அந்த வீதத்தால் திருத்துவார்கள். ஓர் அறிக்கையில் கவுன்டர் எண் மட்டும் இருந்து இந்த வீதம் இல்லையென்றால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

தூண்டில்காரர்கள் பிடித்த கணக்கை வைத்துப் போக்கைச் சொல்ல முடியாதா?

பெரும்பாலான ஆறுகளுக்கு இருப்பதே அந்தக் கணக்குதான். ஸ்காட்லாந்தில் 1952 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. 2010இல் ஒரு லட்சத்தைத் தாண்டிய தூண்டில் பிடி, 2023இல் சுமார் 33 ஆயிரம். பதிவு தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் குறைவு. 2024இல் மறுபடி கணிசமாக ஏறியது.

சரி, மீன் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும்போது டீ குடிக்க இறங்கியவர்களை எண்ணிவிட்டு பஸ்ஸில் எத்தனை பேர் என்று சொல்வது மாதிரிதான் இது. எத்தனை பேரில் ஒருவர் இறங்குவார் என்று தெரிந்தால்தான் கணக்கு நிற்கும். ஆற்றுக்குத் திரும்பிய சால்மன் இரை தின்பதை நிறுத்திவிடும். அது தூண்டிலைக் கவ்வுவதே ஒரு புதிர். ஒரு பருவத்தில் நூறு மீன் பிடிபட்டது என்று வையுங்கள். ஏறிய மீனில் பத்து சதவீதம் பிடிபடும் என்றால் ஆற்றில் ஆயிரம் இருந்திருக்கும். இருபது சதவீதம் என்றால் ஐநூறுதான். பிடிபட்டது அதே நூறு, விடை இரண்டு மடங்கு வித்தியாசம்.

அந்தச் சதவீதம் நிலையாக இருப்பதுமில்லை. கோடையில் ஆறு வற்றினால் மீன் கழிமுகத்திலேயே காத்திருக்கும், பிடி குறையும். தண்ணீர் சூடானால் மீன் சோர்ந்துவிடும், நல்ல தூண்டில்காரர்களும் வரமாட்டார்கள். மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சு பரவினாலே அனுமதிச் சீட்டு வாங்குபவர்கள் குறைவார்கள். உடனே பிடி இன்னும் குறையும். இதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நடக்கிறது: இப்போது ஸ்காட்லாந்தில் பிடிபடும் சால்மனில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மறுபடி தண்ணீரில் விடப்படுகிறது. விட்ட மீன் இரண்டாம் முறை பிடிபட்டால் இரண்டு மீனாகப் பதிவாகும்.

எனவே பிடியும் கவுன்டரும் இரண்டுமே உள்ள ஆறுகளில் அந்தச் சதவீதத்தைக் கணித்து, தண்ணீரின் அளவு, மாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கவுன்டர் இல்லாத ஆறுகளுக்குப் பொருத்துகிறார்கள். இதில் ஊகம் இருக்கிறது என்பதை மறைப்பதில்லை. விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாகத்தான் தருவார்கள்.

குறியிட்டு மறுபடி பிடிப்பது என்கிறார்களே, அது எப்படி?

ஸ்மோல்ட்டுகளை எண்ண இதுதான் வழக்கமான வழி. நீரோட்டத்தில் தானே சுழலும் பெரிய உருளைப் பொறியை ஆற்றில் மிதக்கவிடுவார்கள். கடலுக்கு இறங்கும் குஞ்சுகளில் ஒரு பகுதி அதில் விழும். விழுந்ததில் 500ஐ எடுத்துக் குறியிட்டு, கொஞ்ச தூரம் மேலே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பொறியில் 1,000 விழுகிறது. அதில் 50 குறியிட்டவை. இருபதுக்கு ஒன்று குறியோடு இருப்பதால், 500 என்பது மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, மொத்தம் 10,000. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் பெயரால் வழங்கும் கணக்கு இது. குறியிட்டவை மிகக் குறைவாகத் திரும்பும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் மிகையாக வரும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி, கடைசி விடையில் ஒன்று கழிக்கும் சாப்மன் திருத்தம் உண்டு. அதில் இதே எண்களுக்கு 9,832 வருகிறது.

ஏமாறும் இடம் எங்கே என்றால், குறியிட்டதில் 100 மீன் யாருக்கும் தெரியாமல் செத்துப்போனால், ஆயிரத்தில் 50க்குப் பதில் 40தான் கிடைக்கும். கணக்கு 12,500 என்று காட்டும். மீன் செத்தது, கணக்கில் மீன் கூடியது! குறியிடும்போது மீனை எவ்வளவு பதமாகக் கையாள்கிறார்கள் என்பது இந்த வேலையில் சூத்திரத்தைவிட முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தின் டார்செட்டில் ஓடும் ஃப்ரோம் ஆற்றில் இந்த முறை உச்சத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் சுமார் 10,000 பார்களைப் பிடித்து, மயக்க மருந்து கலந்த நீரில் போட்டு, நீளம் அளந்து, வயிற்றுக்குள் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழல் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பிட் டேக் என்பது அதுதான். அதற்குள் பேட்டரி கிடையாது. ஆற்றில் பதித்த ஆண்டெனாவைக் கடக்கும்போது மட்டும் விழித்து தன் எண்ணைச் சொல்லும். முதுகின் பின்பக்கம் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பையும் வெட்டிவிடுகிறார்கள். பிறகு எங்கே பிடிபட்டாலும் பார்த்தவுடன் டேக் உள்ள மீன் என்று தெரியும். அடுத்த வசந்தத்தில் ஈஸ்ட் ஸ்டோக் என்ற இடத்தைக் கடந்து இறங்கும்போது ஆண்டெனா அந்த எண்ணைப் படிக்கும். ஓரிரு ஆண்டு கழித்து வளர்ந்து திரும்பும்போதும் அதே எண்ணைப் படிக்கும். அதே இடத்தில் 1973 முதல் ஏறும் மீன்களுக்கான கவுன்டரும் இருக்கிறது. ஆகவே குஞ்சாக ஆற்றில் எத்தனை இறந்தன, கடலில் எத்தனை இறந்தன என்று பிரித்துச் சொல்லக்கூடிய அபூர்வமான ஆறுகளில் இது ஒன்று.

மின்சாரம் பாய்ச்சிக் குஞ்சுகளைப் பிடிப்பது மீனுக்குக் கேடு இல்லையா?

ஆற்றில் வளரும் குஞ்சுகளை எண்ண இதுவும் ஒரு வழி. பயிற்சி பெற்றவர்கள் சரியான மின்னழுத்தத்தில் செய்தால் மீன் சில நொடி மயங்கும், பிறகு தெளிந்துவிடும். ஆற்றின் ஒரு துண்டை இருபுறமும் வலையால் அடைத்து, ஒரே மாதிரி மூன்று முறை வாரிப் பிடிப்பார்கள். முதல் முறை 60, அடுத்து 24, பிறகு 10 என்று குறைந்தால், குறையும் வேகத்தை வைத்து மொத்தம் 100 அளவில் இருந்திருக்கும் என்று கணிக்கலாம்.

எந்த ஆண்டு பிறப்பு தவறியது என்பதை உடனே காட்டுவது இந்த முறையின் பலம். 2015 டிசம்பர் பிரிட்டனில் வழக்கத்துக்கு மாறான வெப்பம், கூடவே பெருவெள்ளம். 2016 கோடையில் வேல்ஸிலும் இங்கிலாந்திலும் பல ஆறுகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது அந்த ஆண்டுக் குஞ்சுகள் மிக மிகக் குறைவு. தூண்டில் கணக்கு அதைக் காட்டியிருக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பலவீனமும் உண்டு. ஒரு ஆறு தாங்கும் குஞ்சுகளுக்கு ஓர் உச்ச அளவு இருக்கிறது. தாய்மீன்கள் பாதியாகக் குறைந்தாலும், போட்டி குறைந்து மிஞ்சும் குஞ்சுகள் அதிகம் பிழைப்பதால், எண்ணிக்கை கொஞ்ச காலம் அப்படியே நிற்கலாம். "குஞ்சுகள் நன்றாகத்தானே இருக்கின்றன" என்று நிம்மதி அடைவது அதனால் ஆபத்து.

முட்டைக்குழிகளை எண்ணுவது, தண்ணீருக்குள் நீந்தி எண்ணுவது எல்லாம் நம்பகமா?

நீர் தெளிவாக இருந்தால் ஆம். நார்வேயில் இலையுதிர் காலத்தில் முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு சிலர் வரிசையாக ஆற்றோடு மிதந்து இறங்கியே தாய்மீன்களை எண்ணுகிறார்கள். நல்ல முறை. குழி எண்ணுவது அதைவிடச் சிக்கல்: ஒரு தாய் பல குழிகள் தோண்டும், டிரவுட்டும் தோண்டும், ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் மூடிப்போகும்.

ஒரு ஆற்றுக்கு எத்தனை மீன் போதும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மீனில் கணக்குப் போடுவதில்லை, முட்டையில் போடுகிறார்கள். கனடாவில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு, குஞ்சு வளரும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 2.4 முட்டை. அப்படியானால் ஒரு லட்சம் சதுர மீட்டர் உள்ள ஆற்றுக்கு 2,40,000 முட்டை வேண்டும். ஒரு தாய்க்குச் சராசரியாக 4,000 முட்டை என்று வைத்தால் 60 தாய்மீன்கள் போதும். படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கும். சின்ன ஆறுகளின் தலையெழுத்து அறுபது மீனில் இருக்கிறது. நார்வேயில் ஆற்றின் வளத்தைப் பொறுத்து இந்த அளவை மாற்றி, தாய்மீன்களின் எடையாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு முக்கிய ஆற்றுக்கும் ஒரு பாதுகாப்பு வரம்பு உண்டு. சராசரியாக ஐந்தில் நான்கு ஆண்டுகள் அதைத் தாண்ட வேண்டும் என்பது நோக்கம்.

ஆற்றில் தாய்மீன் எண்ணிக்கை குறையவில்லை என்றால் கவலை இல்லைதானே?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 1971இல் மேற்கு கிரீன்லாந்துக் கடலில் மட்டும் 2,600 டன்னுக்கு மேல் சால்மன் பிடித்தார்கள். இப்போது அது சில பத்து டன், உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு மட்டும். 1983இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் திறந்த கடலில் சால்மன் பிடிப்பதைத் தடுத்தது. நாஸ்கோ என்ற அமைப்பு அதன் கீழ் எடின்பரோவில் இயங்குகிறது. அயர்லாந்து தன் கடலோர மிதவை வலைகளை 2007இல் நிறுத்தியது. வலையில் போயிருக்க வேண்டிய மீன்கள் எல்லாம் இப்போது ஆற்றுக்கு வர வேண்டும் அல்லவா? கடலில் பிழைக்கும் வீதம் மாறாமல் இருந்திருந்தால் ஆறுகள் நிரம்பி வழிந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆற்றில் எண்ணிக்கை சமமாக நின்றதே கடலில் சாவு கூடியதற்கு அடையாளம்.

இதைக் கணக்கில் கொண்டுவர ஐசஸ் என்ற சர்வதேசக் கடலாய்வு மன்றத்தின் சால்மன் குழு பின்னோக்கிக் கணக்கிடுகிறது. ஆற்றுக்கு வந்தவை, வழியில் பிடிபட்டவை, இயற்கையாக மாதத்துக்கு சுமார் மூன்று சதவீதம் செத்தவை எல்லாவற்றையும் கூட்டி, கடலில் முதல் குளிர்காலத்தின் ஜனவரி 1ஆம் தேதி, யாரும் வலை போடும் முன் எத்தனை உயிரோடு இருந்தன என்று மதிப்பிடுவார்கள். 1980களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அந்த எண் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவருக்கு அத்தனை பெரிய சரிவு தெரிந்திருக்காது.

எத்தனை ஆண்டுத் தரவு இருந்தால் 'போக்கு' என்று சொல்லலாம்?

ஒரு தலைமுறையே நான்கைந்து ஆண்டு. எனவே மூன்றாண்டு ஏற்றம், இரண்டாண்டு இறக்கம் எல்லாம் பேச்சுக்குத்தான். குறைந்தது பத்து ஆண்டு, முடிந்தால் மூன்று தலைமுறை. எந்த ஆண்டிலிருந்து கோடு இழுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மீன் அதிகம் வந்த 2010இல் தொடங்கினால் சரிவு பயங்கரமாகத் தெரியும். மோசமான 2023இல் தொடங்கினால் எல்லாம் முன்னேற்றம். நியூஃபவுண்ட்லாந்தின் கான் ஆற்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லை: 1980களின் பிற்பகுதியில் பத்தாயிரத்தை ஒட்டி வந்த மீன், அண்மை ஆண்டுகளில் சில நூறு. அதை எந்த ஆண்டில் தொடங்கி வரைந்தாலும் கோடு கீழேதான் போகும்.

பருவம் நடக்கும்போதே எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க முடியுமா?

நார்வே 2024 ஜூனில் அதைச் செய்தது. பருவத்தின் தொடக்கத்தில் வந்த மீன் மிகக் குறைவு என்று தெரிந்ததும் 33 ஆறுகளில் தூண்டிலை நிறுத்தியது. தானாவில் 2021 முதலே சால்மன் பிடிக்கத் தடை.

பிங்க் சால்மன் வேறு கணக்கைக் குழப்புகிறதாமே?

ஆமாம், இது புதுத் தலைவலி. பசிபிக் கடலைச் சேர்ந்த பிங்க் சால்மனைச் சோவியத் காலத்தில் வடமேற்கு ரஷ்யாவின் ஆறுகளில் விட்டார்கள். இரண்டே ஆண்டு வாழும் மீன் என்பதால் ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவை ஒற்றைப்படை ஆண்டிலேயே திரும்பும். 2017 முதல் 2019, 2021, 2023 என்று வட நார்வே ஆறுகளில் பெருங்கூட்டமாக வந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து வரை எட்டிப் பார்த்தது. சின்ன கிரில்ஸ் அளவு இருப்பதால் நிழலுருவத்தையும் நீளத்தையும் மட்டும் பார்க்கும் கருவி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். ஒற்றைப்படை ஆண்டில் மட்டும் எண்ணிக்கை குதித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இப்போது சில நார்வே ஆறுகளில் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து மீனின் வாலில் உள்ள பெரிய புள்ளிகள் போன்ற அடையாளங்களைப் பார்த்து வகை பிரிக்கின்றன. சில இடங்களில் பிங்க் சால்மன் என்று தெரிந்தால் கதவு தானாகத் திரும்பி அதை வேறு தொட்டிக்கு அனுப்பிவிடும்.